பனீர் தண்ணீரிலிருந்து புரோபயாடிக் பொடி: வளர்ப்பது சுலபம், உலர்த்துவதுதான் பாடு

நாள்தோறும் 500 லிட்டர் பாலில் பனீர் போடுகிறோம், 400 லிட்டர் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது, அதில் புரோபயாடிக் (குடலுக்கு நன்மை செய்யும்) பாக்டீரியாவை வளர்த்து உலர்த்திப் பொடியாக்கிக் கோழித் தீவனத்துக்கு விற்கலாமா, கழிவுநீர்த் தொல்லையும் அதோடு ஒழியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வளருமா என்ற சந்தேகமே வேண்டாம். மூடாமல் வைத்த பனீர் தண்ணீர் மறுநாள் புளித்துக் கிடப்பதே அதற்குச் சாட்சி. பொடி மூன்று மாதம் கழித்து ஒரு பண்ணையில் பிரிக்கப்படும்போது கிராமுக்கு எத்தனை செல் உயிரோடு இருக்கும் என்பதில்தான் உங்கள் தொழில் நிற்கும். அதனால் 400 லிட்டரிலிருந்து கணக்கைத் தொடங்காதீர்கள். உங்களால் வாங்க முடிகிற டிரையர் ஒரு நாளில் எத்தனை கிலோ தண்ணீரை வெளியேற்றும் என்பதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். பெரும்பாலும் 50 லிட்டரில் வந்து நிற்பீர்கள். கீழே சொல்வதெல்லாம் அந்த 50 லிட்டர் அளவுக்குத்தான்.

முதலில் கையில் இருக்கும் சரக்கைப் பார்ப்போம். பனீர் தண்ணீரில் லாக்டோஸ் 4.5 முதல் 5 சதவீதம். சர்க்கரைக்குப் பஞ்சமில்லை. புரதம்தான் குறைவு, அரை சதவீதத்துக்கும் கீழே. பனீருக்குப் பாலை 90 டிகிரி வரை சுட வைக்கிறோம் இல்லையா, அந்தச் சூட்டில் வே (பால் திரிந்து பிரியும் தண்ணீர்) புரதங்கள் குணம் மாறி, திரியும் பால் புரதமான கேசினோடு ஒட்டிப் பனீருக்குள்ளேயே போய்விடுகின்றன. ரென்னெட் என்ற என்சைம் போட்ட சீஸின் வே இப்படியல்ல. அதில் புரதம் கூடுதல், ஆனால் சூடாக்கினால் கொழகொழவென்று திரியும். ஆக உங்கள் தண்ணீர் தெளிவாகச் சூடாகும், ஆனால் பாக்டீரியாவுக்கு நைட்ரஜன் சத்து நாம்தான் கொடுக்க வேண்டும். சிட்ரிக் அமிலத்தில் திரித்த தண்ணீரின் பிஎச் (புளிப்பின் அளவு, எண் குறைந்தால் புளிப்பு கூடும்) 5.5-ஐ ஒட்டி இருக்கும். வினிகரிலோ அசிட்டிக் அமிலத்திலோ திரித்தால் அதை ஒதுக்கி வையுங்கள். அசிட்டேட் கூடினால் வளர்ச்சி மந்தமாகும். நேற்றைய புளித்த தண்ணீரையே இன்று திரிக்க ஊற்றும் வழக்கம் இருந்தால், கல்ச்சருக்கு (பாக்டீரியா வளர்ப்புக்கு) எடுக்கும் நாளில் அதையும் தவிர்த்து சிட்ரிக் அமிலமே போடுங்கள்.

உங்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. தண்ணீர் பனீரைவிட்டுப் பிரியும்போதே ஏறத்தாழ 70 டிகிரி சூட்டில் வருகிறது. கிருமி மிகக் குறைவு. அது தரையில் விழுந்து, வாய்க்காலில் ஓடி, தொட்டியில் ஆறிய பிறகு எடுத்தால் அந்த வசதி போயிற்று. திரிக்கும் பாத்திரத்தின் குழாயிலிருந்து நேரே மூடியுள்ள எவர்சில்வர் கேனில் சூடாகவே பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்து கிரீம் செபரேட்டரில் ஒருமுறை ஓட்டிக் கொழுப்பை எடுத்துவிடுங்கள். சேரும் நெய் காசு என்பது ஒரு பக்கம். பொடியில் தங்கும் கொழுப்பு சிக்கடித்து, அதிலிருந்து உண்டாகும் பெராக்சைடுகள் சேமிப்பின்போது செல்களைக் கொல்லும் என்பதுதான் முக்கியக் காரணம்.

பிறகு சூடாக இருக்கும்போதே காஸ்டிக் சோடா கரைசல் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச்சை 6.5-க்கு ஏற்றுங்கள். தெளிந்த இளம்பச்சைத் தண்ணீர் 6-ஐத் தாண்டும்போது பால் கலந்ததுபோல் கலங்கும். பயப்பட வேண்டாம், அது கால்சியம் பாஸ்பேட். 90 டிகிரியில் அரை மணி வைத்து, ஒரு மணி நேரம் அசைக்காமல் விட்டால் வெள்ளை மண்டியாக அடியில் இறங்கும். மேல் தெளிவை நெருக்கமான துணியில் வடித்துக்கொள்ளுங்கள். இந்த மண்டியை இப்போதே நீக்காவிட்டால் கடைசியில் செல்லோடு சேர்ந்து சென்ட்ரிஃபியூஜில் இறங்கும். பேஸ்ட் நிறைய வந்ததுபோல் தெரியும், எண்ணிக்கை மட்டும் இருக்காது. வடித்த தெளிவைக் கல்ச்சர் போடும் பாத்திரத்தில் மறுபடி 90 டிகிரிக்கு ஏற்றி 20 நிமிடம் வைத்து மூடியபடியே ஆற விடுங்கள். 121 டிகிரி ஆட்டோகிளேவ் இருந்தால் நல்லது, ஆனால் லாக்டோஸும் புரதமும் சேர்ந்து பழுப்பேறும். 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 90 டிகிரியில் பேசிலஸ் பாக்டீரியாவின் ஸ்போர்கள் (சூட்டைத் தாங்கும் உறங்கு விதைகள்) சாகாது என்பதையும் நினைவில் வையுங்கள். அதனால்தான் தயாரித்த தண்ணீரை ஆறவிட்டு அடுத்த நாளுக்கு வைக்கக் கூடாது. 37 டிகிரிக்கு வந்ததும் கல்ச்சர் உள்ளே போக வேண்டும்.

இந்த இடத்திலேயே பலருக்கு முதல் அடி விழும். எல்லாம் சரியாகச் செய்தும் வளராது. காரணம் பாலில் இருக்கும் ஆண்டிபயாட்டிக். மடிநோய்க்கு டியூப் ஏற்றிய மாட்டின் பால் கலந்திருந்தால், பென்சிலின் வகை மருந்து பனீர் சூட்டில் முழுதாக அழியாமல் தண்ணீரோடு வந்துவிடும். பனீருக்கு அமிலம்தான் திரிப்பது, அதனால் அங்கே தெரியாது, கல்ச்சருக்குத் தெரியும். ஒவ்வொரு தொகுதிக்கும் முன் 100 மில்லி எடுத்து, 37 டிகிரிக்கு ஆற்றி, 5 மில்லி வீரியமான கல்ச்சர் விட்டு 5 மணி நேரத்தில் பிஎச் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். பக்கத்திலேயே, நன்றாக வளரும் என்று தெரிந்த பழைய தொகுதியின் உறைய வைத்த தண்ணீரில் ஒரு குப்பி ஒப்பீட்டுக்கு. இரண்டும் சேர்ந்து இறங்கினால் சரி. பால் கொள்முதலிலேயே சோதனைக் கீற்று பயன்படுத்துகிறீர்கள் என்றால் இன்னும் நல்லது.

எந்தப் பாக்டீரியா என்று நீங்கள் எழுதவில்லை. அதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் புகழ்பெற்ற எல்லா புரோபயாடிக்கும் பால் சர்க்கரையைத் தின்னாது. உலகில் அதிகம் ஆராயப்பட்டவற்றில் ஒன்றான எல்.ஜி.ஜி. என்ற ராம்னோசஸ் ஸ்ட்ரெயினுக்கு (ஒரே இனத்துக்குள் ஒரு தனி வகைதான் ஸ்ட்ரெயின்) லாக்டோஸை உடைக்கும் மரபணுக்கள் பழுதாகியிருக்கின்றன. பனீர் தண்ணீரில் விட்டால் கொஞ்சம் வளர்ந்து நின்றுவிடும். கோழித் தீவனத்தில் புழங்கும் பெடியோகாக்கஸ் அசிடிலாக்டிசியிலும் பல ஸ்ட்ரெயின்கள் லாக்டோஸைத் தொடாது. அவைதான் வேண்டும் என்றால் லாக்டேஸ் என்சைம் போட்டு லாக்டோஸை முன்கூட்டியே உடைக்க வேண்டும். ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையிலிருந்து வரும் லாக்டேஸ் உங்கள் தண்ணீரின் இயல்பான அமிலத்திலேயே 50 டிகிரியை ஒட்டி வேலை செய்யும், ஈஸ்டிலிருந்து வருவதற்கு பிஎச் 6.5-க்கு மேல் வேண்டும். பிஃபிடோ என்ற பாக்டீரியா வகைகள் லாக்டோஸை உண்ணும், ஆனால் ஆக்சிஜன் ஆகாது, சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் சேர்க்க வேண்டும், உலர்த்தலில் நலிந்தவை. தொடங்குகிறவர்களுக்கு லாக்டோபேசிலஸ் பிளான்டாரம்தான் என் தேர்வு. 2020-ல் பெயர் மாற்றி லாக்டிபிளான்டிபேசிலஸ் பிளான்டாரம் ஆக்கிவிட்டார்கள். பட்டியல்களில் இரண்டு பெயரிலும் தேடுங்கள். லாக்டோஸ் உண்ணும் ஸ்ட்ரெயின்கள் இதில் நிறைய, உலர்த்தலையும் ஓரளவு தாங்கும். கர்னால் தேசியப் பால் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கும் பால் கல்ச்சர் சேகரிப்பிலோ சண்டிகரின் எம்.டி.சி.சி. நுண்ணுயிர்ச் சேகரிப்பிலோ எண்ணிட்ட ஸ்ட்ரெயினாக வாங்குங்கள். வீட்டுத் தயிரை எடுத்து ‘நம்ம ஊர் புரோபயாடிக்’ என்று வளர்ப்பது வேண்டாம். அதில் என்னென்ன இருக்கிறது என்று தெரியாது, இன்று இருக்கும் விகிதம் பத்தாவது தொகுதியில் இருக்காது.

தண்ணீரோடு சேர்க்க வேண்டியவை, லிட்டருக்கு: ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 5 கிராம், மெக்னீசியம் சல்பேட் 0.2 கிராம், மாங்கனீசு சல்பேட் 0.05 கிராம், டுவீன் 80 (எண்ணெய் வகைப் பால்மமாக்கி) ஒரு கிராம். மாங்கனீசு இத்தனூண்டுதானே என்று விட்டுவிடாதீர்கள். பிளான்டாரத்திடம் ஆக்சிஜன் நச்சை முறிக்கும் வழக்கமான என்சைம் இல்லை. அந்த வேலையைச் செல்லுக்குள் குவித்து வைத்த மாங்கனீசே செய்கிறது. மாங்கனீசு போதாமல் வளர்ந்த செல் வளர்ப்புப் பாத்திரத்தில் நன்றாகவே தெரியும், பொடியில் சாகும். செலவில் பெரியது ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட். அதைக் குறைக்க ஸ்டார்ச் ஆலைகளில் கிடைக்கும் கார்ன் ஸ்டீப் லிக்கரை (மக்காச்சோளம் ஊறிய நீரின் குழம்பை) லிட்டருக்கு 10 முதல் 20 கிராம் போட்டுப் பார்க்கலாம், ஆனால் அதன் தரம் ஒவ்வொரு முறையும் ஒரு மாதிரி. முதல் சில தொகுதிகள் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்டிலேயே போகட்டும். எது சரியாக வருகிறது என்று தெரிந்த பிறகுதான் எதைக் குறைக்கலாம் என்று பார்க்க முடியும்.

வளர்ப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குப்பியிலிருந்து 10 மில்லி எம்.ஆர்.எஸ். ஊடகம் (இவ்வகைப் பாக்டீரியாவுக்கான ஆய்வக உணவுக் கரைசல்), அங்கிருந்து 100 மில்லி, அங்கிருந்து ஒன்றரை லிட்டர் பனீர் தண்ணீர், அது 50 லிட்டருக்குள். கடைசிப் படியை அதே பனீர் தண்ணீரில் வளர்ப்பதால் பெரிய பாத்திரத்தில் தயங்கி நிற்காது. 37 டிகிரி, காற்று ஊதத் தேவையில்லை, காரம் கலக்கிற அளவுக்கு மெதுவாகத் துடுப்புச் சுற்றினால் போதும். காரம் விடாவிட்டால் பிஎச் 4-க்குக் கீழே போய், அமிலமே செல்லை நிறுத்திவிடும். மில்லிக்கு 100 கோடியை ஒட்டி நிற்கும். பிஎச்சை 5.8 முதல் 6-க்குள் பிடித்தால் அதைப்போல் சில மடங்கு கிடைக்கும். லிட்டருக்கு 25 கிராம் லாக்டிக் அமிலம் உருவாகும் என்று வைத்தால் 50 லிட்டருக்கு ஏறக்குறைய 550 கிராம் காஸ்டிக் சோடா தேவைப்படும். 20 சதவீதக் கரைசலாகச் சிறிய டோசிங் பம்பில் விடுங்கள். பம்ப் வாங்க இப்போது வசதியில்லை என்றால் உணவுத் தரக் கால்சியம் கார்பனேட்டை 2 முதல் 3 சதவீதம் போட்டுக் கலக்கிக்கொண்டே இருக்கலாம். அது செல்லோடு அடியில் சேரும், மனிதர்களுக்கான பொருளுக்கு அது இடைஞ்சல். முட்டைக்கோழிக்குக் கால்சியம் எப்படியும் வேண்டும், அதனால் உங்களுக்கு அது பெரிய குறையில்லை.

14 முதல் 18 மணி நேரத்தில் பம்ப் காரம் இழுப்பது தளரும். தளர்ந்து ஒன்று இரண்டு மணி நேரம் கழித்து நிறுத்துங்கள். வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும் செல்லைவிட, பெருக்கம் நின்று அடங்கிய செல் உலர்த்தலை நன்றாகத் தாங்கும். இது உறுதியான செய்தி. நிறுத்தும் முன் 50 டிகிரியில் கால் மணி நேரம் வைத்து லேசாகச் சூடு காட்டினால் தாங்கும் திறன் கூடும் என்பதும் பல ஸ்ட்ரெயின்களில் காணப்பட்டதுதான், ஆனால் சிலவற்றில் பயனில்லை, சிலவற்றில் கெடுதி. காரமே விடாமல் அமிலத்திலேயே முடித்த செல் உரமாக இருக்கும் என்பாரும் உண்டு. அதுவும் ஸ்ட்ரெயினைப் பொறுத்தது. இவற்றையெல்லாம் உங்கள் ஸ்ட்ரெயினில் சிறு அளவில் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். எழுத்தில் யாரும் சொல்லிவிட முடியாது.

தொகுதி கெட்டுவிட்டதா என்று அறிய மைக்ராஸ்கோப்பும் மூக்கும் போதும். கிராம் சாயம் போட்டுப் பார்த்தால் பிளான்டாரம் குட்டை நேர்க் கோல்களாக ஊதா நிறத்தில் தெரியும். தடித்த கோலுக்குள் சாயமேறாத முட்டை வடிவப் புள்ளி இருந்தால் அது பேசிலஸ், சூடு போதவில்லை. பெரிய உருண்டைகளில் மொட்டு விட்டிருந்தால் ஈஸ்ட், மூடியும் குழாயும் சுத்தமில்லை. நுரை, வாயு, பழைய வெண்ணெய் நாற்றம் இருந்தால் கொட்டிவிடுங்கள். ஒரு தொகுதி போனால் போகட்டும் என்று இருங்கள், கலப்படத்தை உலர்த்தி விற்காதீர்கள். இன்னொன்று, பிஎச் எலக்ட்ரோடில் பால் புரதம் படிந்து பொய் சொல்லத் தொடங்கும். 6 என்று காட்டும், உள்ளே 5 இருக்கும். ஒவ்வொரு தொகுதிக்கும் முன் 4, 7 இரண்டு பஃபரிலும் சரிபார்த்து, பெப்சின் கலந்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊற வைத்துக் கழுவுங்கள். இந்த வேலை நடக்கும் அறை பனீர் அறையிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். இங்கே நல்லது செய்யும் பிளான்டாரம் அங்கே போனால் பனீரைப் புளிக்க வைக்கும்.

செல்லைப் பிரிப்பதற்குக் கிரீம் செபரேட்டர் உதவாது. அது கொழுப்புத் துளிக்காகச் செய்தது, ஒரு மைக்ரான் அளவுள்ள செல்லை நம்பகமாகப் பிடிக்காது. ஆய்வகத்தில் 5000 ஜி (புவியீர்ப்பைப்போல் 5000 மடங்கு) விசையில் 10 நிமிடம் சுற்றுவார்கள். 50 லிட்டருக்குக் குழாய் வடிவத் தொடர் சென்ட்ரிஃபியூஜ் அல்லது 0.2 மைக்ரான் மைக்ரோஃபில்ட்ரேஷன் வேண்டும். முன்னதாக 10 டிகிரிக்குக் கீழே குளிர வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வேலை முடிவதற்குள் செல் தன் சேமிப்பைத் தின்று நலியும். 50 லிட்டர் இரண்டரை லிட்டர் பேஸ்டாக வர வேண்டும்.

இனி பாடான பகுதி. செல்லிலிருந்து தண்ணீரை எடுத்தால் அதன் சவ்வு சுருங்கிக் கிழியும், புரதங்கள் மடிப்புக் கலையும். தண்ணீர் இருந்த இடத்தில் சர்க்கரை போய் உட்கார்ந்தால் இந்தச் சேதம் குறைகிறது. கூடவே சர்க்கரை கண்ணாடிபோல் இறுகிச் செல்லைச் சுற்றி அசைவில்லாமல் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கண்ணாடி இளகினால் உள்ளே வேதிவினைகள் மறுபடி ஓடத் தொடங்கும். மொறுமொறுவென்றிருந்த கடலை மிட்டாய் மழைக்காலத்தில் பிசுபிசுக்கிறதே, அதே கதை. சுத்தமான உலர்ந்த லாக்டோஸ் 100 டிகிரியை ஒட்டித்தான் இளகும், ஆனால் சில சதவீதம் ஈரம் ஏறினாலே அந்த வெப்பநிலை அறை வெப்பம் வரை சரிந்துவிடும். லாக்டிக் அமிலம் இளகும் வெப்பநிலையோ பூஜ்யத்துக்கு 60 டிகிரி கீழே. அதனால்தான் புளித்த பனீர் தண்ணீரைச் செல் பிரிக்காமல் அப்படியே டிரையரில் விட்டால் பொடி வராமல் சுவரில் பிசினாக அப்பிக்கொள்கிறது. பலர் இதைப் பார்த்துவிட்டு டிரையரைக் குறை சொல்வார்கள்.

பேஸ்டோடு அதே அளவு காப்புக் கரைசல் சேருங்கள். இரண்டரை லிட்டரில் 500 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர், 250 கிராம் சர்க்கரை, 50 கிராம் சோடியம் குளூட்டமேட். பால் பவுடர் கரைசலைத் தனியாக 90 டிகிரியில் 15 நிமிடம் வைத்து ஆற்றுங்கள், சர்க்கரைப் பாகைத் தனியாகக் காய்ச்சிச் சேருங்கள். டிரெஹலோஸ் கிடைத்தால் சர்க்கரைக்குப் பதில் அது மேல்; விலைதான் கூடுதல். குளூக்கோஸ் போட வேண்டாம், சேமிப்பில் புரதத்தோடு சேர்ந்து பழுப்பேறும். பிஎச்சை 6.5-க்கும் 7-க்கும் நடுவில் வைத்து, குளிரில் அரை மணி நேரம் ஊற விட்டுப் பிறகு உலர்த்துங்கள்.

ஃப்ரீஸ் டிரையர் (உறைய வைத்துப் பனியை வெற்றிடத்தில் நேரே ஆவியாக்கும் கருவி) என்றால் தட்டில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக ஊற்றாதீர்கள். மைனஸ் 40 அல்லது அதற்கும் கீழே முழுக்க உறைய வைத்து, 0.1 மில்லிபாரை ஒட்டிய வெற்றிடத்தில், பனி போகும் வரை சரக்கின் வெப்பநிலை மைனஸ் 30-ஐவிட ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டுத் தட்டைச் சூடாக்கினால் என்ன ஆகும் என்பது கதவைத் திறந்ததும் தெரியும்: வெள்ளையாக, விரலால் தொட்டால் உதிரும் பஞ்சுக் கட்டிக்குப் பதில், அடியில் மஞ்சள் பழுப்பாகப் பளபளக்கும் பிசின் தகடு. அதைப் பொடிக்கவும் முடியாது, அதில் உயிரும் இருக்காது. பனி போன பிறகு 25 டிகிரிக்கு மெதுவாக ஏற்றி மீதி ஈரத்தை எடுங்கள். மொத்தம் 24 முதல் 48 மணி நேரம். வெற்றிடத்தை உடைக்க அறைக்காற்றை விடாமல் உலர்ந்த நைட்ரஜன் விடுங்கள். கடலோர ஊர் என்றால் இது இன்னும் முக்கியம். சென்னை போன்ற இடத்தில் திறந்த தட்டு பத்து நிமிடத்தில் ஈரம் குடித்துவிடும். ஈரம் 3 முதல் 5 சதவீதம், வாட்டர் ஆக்டிவிட்டி (பொடியில் கட்டுப்படாமல் இருக்கும் ஈரத்தின் அளவீடு) 0.1 முதல் 0.25 வரை இருக்க வேண்டும்.

கரைசலைச் சூடான காற்றில் துளித்துளியாகத் தெளித்து உலர்த்தும் ஸ்ப்ரே டிரையர் மலிவு, வேகம். அதில் உள்ளே போகும் காற்று 150 முதல் 170 டிகிரி இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். துளி காய்ந்துகொண்டிருக்கும்வரை ஆவியாவதே அதைக் குளிர்த்துகிறது. செல் சாவதும் பிழைப்பதும் வெளிவரும் காற்றின் வெப்பநிலையில் இருக்கிறது. 65 முதல் 70 டிகிரியில் பிடித்தால் பிழைக்கும். 85-க்குப் போனால் பெரும்பகுதி போய்விடும். 60-க்கு இறக்கினால் உயிர் நிறைய, ஆனால் ஈரமும் நிறைய, அடுத்த சில வாரத்தில் அந்த உயிர் போகும். ஈரம் 5 சதவீதத்துக்கு மேல் வந்தால் 40 டிகிரியில் வெற்றிட அலமாரியிலோ ஃப்ளூயிட் பெட்டிலோ (கீழிருந்து காற்று ஊதிப் பொடியை மிதக்கவிட்டு உலர்த்தும் கருவி) இரண்டாம் சுற்று உலர்த்துவதுதான் வழி. முதலில் வெறும் தண்ணீர் விட்டு வெப்பநிலை நிலைத்த பிறகே கல்ச்சரை விடுங்கள். சைக்ளோன் (காற்றிலிருந்து பொடியைப் பிரிக்கும் கூம்பு) சுவரில் தங்கும் பொடி அங்கேயே வெந்துகொண்டிருக்கும், அதனால் கூம்பைத் தட்டிக்கொண்டே இருந்து பொடியை உடனுக்குடன் ஆற வையுங்கள். ஒரே நிலைமையில் ஸ்ட்ரெயினுக்கு ஸ்ட்ரெயின் பெரிய வித்தியாசம் உண்டு. அயர்லாந்தில் 2000-ஐ ஒட்டி நடந்த ஆய்வில் லாக்டோபேசிலஸ் இனங்களில் ஒரு பாராகேசி ஸ்ட்ரெயின் ஸ்ப்ரே டிரையரை நன்றாகத் தாங்கியது, அதே டிரையரில் ஒரு சலிவேரியஸ் ஸ்ட்ரெயின் மோசமாகச் செத்தது. வெயிலில் காய வைப்பதும் 50 டிகிரி ஓவனில் நாள் முழுக்க வைப்பதும் மலிவு என்று சொல்வார்கள். மெதுவாகக் காய்வதும் கொலைதான்; நூற்றுக்கு ஒன்று பிழைத்தால் அதிகம். தவிட்டில் பிசைந்து காய வைப்பதும் அப்படியே, தவிட்டின் எண்ணெய் சிக்கடித்து மீதியையும் முடித்துவிடும்.

காகிதத்தில் ஒருமுறை கணக்குப் பார்ப்போம். மில்லிக்கு 200 கோடி என்று 50 லிட்டரில் ஒரு கோடி கோடி செல். பிரித்தெடுப்பதில் பத்தில் ஒன்பது கையில் வரும். ஃப்ரீஸ் டிரையரில் பாதி பிழைத்தால் 45 லட்சம் கோடி. பொடி 1 கிலோவுக்குச் சற்று மேல். கிராமுக்கு 4000 கோடி. உலர்ந்த மால்டோடெக்ஸ்ட்ரினோ கால்சியம் கார்பனேட்டோ கலந்து நாலரைக் கிலோ ஆக்கினால் கிராமுக்கு 1000 கோடி. தீவனத்தில் கிலோவுக்கு 100 கோடி செல் என்பது வழக்கமான அளவு. ஆக டன்னுக்கு 100 கிராம், ஒரு தொகுதியில் 45 டன் தீவனம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதற்கே 4 கிலோ தண்ணீரைப் பனியாக எடுத்திருக்கிறோம். 400 லிட்டருக்கும் இதைச் செய்ய நாளுக்கு 32 கிலோ எடுக்கும் ஃப்ரீஸ் டிரையர் வேண்டும். தொடங்கும்போது பாதி பிழைப்பதும் வராது. பத்தில் ஒன்று வந்தாலே தொடர்ந்து திருத்திக்கொண்டு போகலாம்.

எண்ணிக்கையை நீங்களே பார்க்கப் பழகுங்கள். ஒரு கிராம் பொடியை 30 டிகிரி சூடுள்ள 9 மில்லி 0.1 சதவீதப் பெப்டோன் தண்ணீரில் போட்டு 20 நிமிடம் சும்மா விடுங்கள். அவசரமாகக் கலக்கிக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்தால் பிழைத்திருக்கிற செல்லும் நனையும்போதே சாகும், கணக்குக் குறைவாக வரும். ஒவ்வொரு முறையும் பத்து மடங்காக நீர்த்துக்கொண்டே போய் எம்.ஆர்.எஸ். அகாரில் ஊற்றி 37 டிகிரியில் 48 மணி நேரம் கழித்து, 30 முதல் 300 புள்ளி இருக்கும் தட்டை மட்டும் எண்ணுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் பொட்டலங்களை 4, 30, 37 டிகிரியில் வைத்து மாதா மாதம் எண்ண வேண்டும். லேபிளில் போட வேண்டியது உலர்த்திய அன்றைய எண் அல்ல, காலாவதி நாளில் இருக்கும் எண். அறை வெப்பத்தில் லாக்டோபேசிலஸ் பொடி சில மாதங்களில் பத்தில் ஒன்றாக, நூற்றில் ஒன்றாக இறங்குவது சகஜம். அலுமினிய லேமினேட் பை, உள்ளே சிலிக்கா ஜெல், முடிந்தால் நைட்ரஜன், குளிர்ந்த இடம். பிளாஸ்டிக் பையும் தகரக் கொட்டகையும் என்றால் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

வாங்குகிறவர் எப்படிப் பயன்படுத்துவார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நாமக்கல் பக்கத்து முட்டைக்கோழிப் பண்ணைகள் பெரும்பாலும் தூள் தீவனம்தான் போடுகின்றன, அதில் கலக்கலாம். பெல்லட் ஆலையில் 80 டிகிரி நீராவி படும், லாக்டோபேசிலஸ் அதைத் தாண்டாது. குடிநீரில் கலந்தால் குளோரின் கொல்லும். குளோரின் போகும்படி தண்ணீரைத் திறந்து வைத்துவிட்டோ பால் பவுடர் சிறிது கலந்துவிட்டோதான் கல்ச்சரைப் போட வேண்டும். கோழிக்கு ஆண்டிபயாட்டிக் மருந்து கொடுக்கும் நாட்களில் கொடுத்துப் பயனில்லை. பெல்லட்டைத் தாங்க ஸ்போர் விடும் பேசிலஸ் கோயாகுலன்ஸ் வளர்க்கலாமே என்று அடுத்து தோன்றும். அது வேறு தொழில்நுட்பம், காற்று வேண்டும், ஸ்போர் விட வைக்க வேண்டும். அதோடு பால் புழங்கும் கட்டடத்துக்குள் ஸ்போரை வளர்ப்பது வீட்டுக்குள் நாமே கறையானை விடுகிற வேலை, 90 டிகிரியிலும் சாகாமல் உங்கள் பனீருக்குள் வந்து உட்காரும்.

கோழிக்கு இதனால் முட்டை கூடுமா, எடை கூடுமா என்பதில் வாக்குக் கொடுக்காதீர்கள். பலன் ஸ்ட்ரெயினுக்கு உரியது, இனத்துக்கு உரியதல்ல. பிளான்டாரத்தின் ஒரு ஸ்ட்ரெயினில் கண்ட பலனை இன்னொன்றின் பையில் அச்சடிக்க முடியாது. மனிதர்களுக்கான பொருளாகப் பிற்பாடு மாற்ற நினைத்தால் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அனுமதித்த உயிரிகளின் பட்டியலில் அது இருக்க வேண்டும், ஒரு நாள் அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள செல் இருக்க வேண்டும், உங்கள் உரிமமும் அதற்கேற்ப மாற வேண்டும். டிரையருக்குப் பணம் போடும் முன், பக்கத்துப் பண்ணைக்குப் புதிதாக வளர்த்த கல்ச்சரைத் திரவமாகவே கொடுத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். 4 டிகிரியில் ஒரு வாரம் தாங்கும், ஆள் திரும்பி வந்து கேட்கிறாரா என்பதும் தெரிந்துவிடும்.

கடைசியாகக் கழிவுநீர். லிட்டருக்கு 48 கிராம் லாக்டோஸில் செல்லாக மாறுவது உலர் எடையில் 2 முதல் 4 கிராம்தான். பெரும்பகுதி லாக்டிக் அமிலமாகவும் மிஞ்சிய சர்க்கரையாகவும் அதே தண்ணீரில் நிற்கும், கழிவின் வீரியம் பெரிதாகக் குறையாது. அந்த 50 லிட்டரும் மீதி 350 லிட்டரும் ஒரே இடத்துக்குத்தான் போக வேண்டும். மாடு இருந்தால் சிறிது சிறிதாகப் பழக்கி அன்றைய தண்ணீரை அன்றே கொடுக்கலாம், திடீரென்று நிறையக் கொடுத்தால் வயிறு புளித்துப் படுத்துவிடும். இல்லாவிட்டால் சாண எரிவாயுக் கலம். பனீர் தண்ணீரின் சி.ஓ.டி. (கழிவை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன், கழிவின் வீரியத்துக்கு அளவுகோல்) லிட்டருக்கு 60 கிராமை ஒட்டி வரும். 350 லிட்டரில் 21 கிலோ. ஒரு கிலோ சி.ஓ.டி.க்கு அதிகபட்சம் 0.35 கன மீட்டர் மீத்தேன், நடைமுறையில் அதில் முக்கால் பங்கு கிடைத்தால் நாளுக்கு ஐந்தரைக் கன மீட்டர், ஏறத்தாழ 4 கிலோ சமையல் வாயுவுக்குச் சமம். பால் காய்ச்சும் அடுப்புக்கு நேரே கொடுக்கலாம். பனீர் தண்ணீரை மட்டும் ஊற்றினால் கலம் புளித்து வாயு நின்றுவிடும். சாணத்தோடு கலந்து, குறைந்த அளவில் தொடங்கி, வாரம் வாரமாகக் கூட்டுங்கள், கலத்துக்குள் பிஎச் 6.8-க்குக் கீழே இறங்கினால் இரண்டு நாள் தண்ணீரை நிறுத்திச் சாணம் மட்டும் போடுங்கள்.